நண்டு வாடியில் ஓர் ஊமை

வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. யாழ்ப்பாணத் தீவுப்பக்கம், கரம்பொனில், நண்டு பதனிடும் பரமலிங்கத்தின் வாடிக்குள் நுழைந்த தொழில் அதிகாரி அஜந்தாவின் கண்ணில் முதலில் பட்டது ஒரு பிணம்.

கடவுச்சீட்டு இல்லாமல் கடல் தாண்டி வந்த இந்தியாக்காரரை இங்கே வேலைக்கு வைத்திருப்பதாகத் தகவல் வந்திருந்தது. அதனால்தான் சார்ஜன்ட் லியோனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பாயில் ஓர் இளைஞன் கிடந்தான். வாசலில் பாடை தயாராக இருந்தது.

"ஆர் இவர்?"

"என்ர சித்தப்பாவின்ர மகன், மிஸ். வவுனியாவில இருந்து வந்து நிண்டவன். நேற்றுப் பின்னேரம் நெஞ்சுக்குத்து." பரமலிங்கம் துவாயால் கண்ணைத் துடைத்தார். கண்ணீர்தான் வர மறுத்தது.

"இஞ்ச வேலை செய்தவரோ?"

"சீச்சீ, விருந்தாளி."

"அடையாள அட்டை?"

"வவுனியாவில கிடக்கு."

மூலையில் குந்தியிருந்த இன்னொருவனை அஜந்தா பார்த்தாள்.

"அவன் ஊமை. கேட்டுப் பிரயோசனமில்லை." பரமலிங்கம் முந்திக்கொண்டார்.

ஈரத் தரையில் தண்ணீர் மோட்டரின் வயர் தோலுரிந்து கிடந்தது. அஜந்தா பிணத்தின் கையைத் தூக்கினாள். உள்ளங்கை கருகியிருந்தது.

"விளக்குச் சுட்டது," என்றார் பரமலிங்கம் அவசரமாக.

"செத்த வீடு மிஸ், விடுங்கோ," என்று லியோன் முணுமுணுத்தார். எரித்துவிட்டால் இவன் யாரென்று எவருக்கும் தெரியவராது. மேலதிகாரிக்குச் சொல்ல, அஜந்தா சிக்னல் தேடி வாசல் படலைக்குப் போனாள்.

எதிரே பரமலிங்கத்தின் மனைவி இலட்சுமிப்பிள்ளை வந்தார். நெற்றியில் குங்குமம், கையில் அரிச்சனைத் தட்டு.

"அம்மன் கோயிலுக்குப் போட்டு வாறன். பிரசாதம் எடும், பிள்ளை."

"வேண்டாம் அக்கா, பிணத்தைத் தொட்டனான்..."

சொன்ன வாய் அப்படியே நின்றது. அவரையும் கூட்டிக்கொண்டு அஜந்தா விறுவிறென்று உள்ளே திரும்பினாள்.

"அண்ணை, சித்தப்பாவின்ர மகன் செத்தால் உங்கட வீட்டுக்குத் துடக்கு. கோயில் வாசலும் மிதிக்க ஏலாது. உங்கட மனிசி அரிச்சனை செய்துபோட்டு வாறா. இவர் உங்கட சொந்தமில்லை, வேலையாள். வயரில கரண்ட் அடிச்சிருக்கு. ஆஸ்பத்திரியில அட்டை கேட்பினம், பிடிபட்டால் மறியலில போடுவினம் எண்டு சாக விட்டிட்டீங்கள்."

பரமலிங்கம் மனைவியை முறைத்தார்.

"உயிர் கிடந்தது, பிள்ளை," என்றார் இலட்சுமிப்பிள்ளை. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ எண்டு நான் கெஞ்சினனான்."

"தண்ணி கேட்டான்மா."

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது ஊமை.

"கேட்டுக்கிட்டே கெடந்தான். என் கூடப்பொறந்த தம்பிம்மா. வாயத் தொறந்தா ஊர்ப் பேச்சு காட்டிக் குடுத்துரும், ஜெயிலுன்னு மொதலாளி சொன்னாரு. அதான் ஊமையா இருந்தேன். அவன் சாகும்போதும் இருந்தேன்."

முதலாளியைப் பிடிக்க வந்த சட்டம் இவனையும் சேர்த்துத்தான் பிடிக்கும். அஜந்தாவுக்கு அந்தச் சட்டத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவன் இரண்டு கைகளையும் லியோனிடம் நீட்டினான்.

"கூட்டிட்டுப் போங்க சார். வேற பேர்ல மட்டும் அவன எரிச்சுராதீங்க. அவன் பேரு காளீஸ்வரன். ஆத்தா ராமேஸ்வரத்துல இருக்கு."