வினோத்குமார் விட்டுப்போன டிஷ்

மழை வலுத்தால் டிஷ்ஷில் படம் உறைந்து, கட்டம் கட்டமாக உடைந்து, கடைசியில் சிக்னல் இல்லை என்ற ஒற்றை வரி வந்து நிற்கும். அன்று சாயங்காலம் மாடம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து இறங்கிய மழையில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மறைந்துபோனது. கீழே வீட்டுக்காரர் துரைராஜ், செய்தி பாதியில் போய்விட்டதென்று அலுத்துக்கொண்டது படிக்கட்டு வழியாகக் கேட்டது. மாடியில், ஆபேலின் ஹாலில் மட்டும், படம் துளி நடுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஏதோ ஒரு சீரியல். அவன் அதைப் போடவில்லை.

வேறு சேனல் மாற்றினான். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் சீரியல் திரும்பியிருந்தது.

குடிவந்த அன்றே துரைராஜ் சொல்லியிருந்தார். முன்பு இருந்தவர் டிஷ்ஷையும் பாக்ஸையும் அப்படியே விட்டுப் போய்விட்டார், புதிதாக எதற்கு வாங்குகிறீர்கள், ரீசார்ஜ் செய்தால் வந்துவிடும் என்று. ஆபேலும் பாக்ஸின் அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து ஃபோனிலேயே பணம் கட்டினான். உடனே படம் வந்தது. ஒவ்வொரு முறை டிவியைப் போடும்போதும் திரையில் முதலில் ஒரு வரி வரும்: வணக்கம், துர்கா. கனெக்‌ஷன் யார் பேரிலோ இருக்கிறது. அவனுக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்டால் போதும் என்றிருந்தது.

மனைவி ஜென்சி காய்ச்சலில் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்திருந்தது. கல்லறையில் பூ வைத்து ஜெபித்துவிட்டுத் திரும்பினால் ஆபேல் குடும்பத்தில் வழக்கம் முடிந்தது. போனவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடக் கூடாது. அவன் கூப்பிடவில்லை. ஆனால் ஜென்சி அவளுடைய அம்மா தபீதாளின் கனவில் வந்து தலை வாரிவிடச் சொன்னாளாம். நாவலூரில் அவளோடு வேலை பார்த்த ஜோசலின் கனவில் வந்து சிரித்தாளாம். இருவரும் அழுதுகொண்டே ஃபோனில் சொன்னார்கள். ஆபேல் கேட்டுக்கொண்டான். ஃபோனை வைத்த பிறகு பல்லைக் கடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவனிடம் மட்டும் அவள் ஒருமுறைகூட வரவில்லை.

அதனால்தான், மழை நின்ற அடுத்த நாள் அந்தி நேரத்தில், ஈரத் தலையில் பிடித்த சாம்பிராணிப் புகையின் வாசனை ஹாலில் மெல்லப் பரவி, சோபாவின் இடது முனை யாரோ உட்கார்ந்ததுபோல் நிதானமாக அமுங்கி, அதன் ஸ்பிரிங் ஒருமுறை முனகி அடங்கியபோது, அவனுக்குப் பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது.

"ஜென்சி?"

சீரியலின் சத்தம் கூடியது. ஒவ்வொரு கோடாக, திரையில் பச்சைப் பட்டை நீண்டது. பேசாமல் இரு என்பதுபோல.

ஜென்சிக்குச் சீரியல் பிடிக்காது. சாம்பிராணி அவர்கள் வீட்டில் புகைந்ததே இல்லை. அவள் உட்காருவது எப்போதும் வலது முனையில். அவனுக்குப் புரிந்துவிட்டது. வந்திருப்பது வேறு யாரோ. வேறு யாருக்காகவோ.

சனிக்கிழமை காலையில் வினோத்குமார் வந்தான். கோவளத்துக்காரன். பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டி இந்தத் தெருக்களில் மீன் விற்பவன். ஆபேலுக்கு முன்னால் அந்த மாடியில் இருந்தது அவன்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். மாடிப்படியைப் பார்ப்பதைக்கூடத் தவிர்த்தான்.

"பாக்ஸுக்குப் பணம் கட்டினது நீங்கதான சார்? மெசேஜ் என் ஃபோனுக்கு வருது."

"ஆமா. துர்காங்கிறது யாரு?"

"என் சம்சாரம். செத்துப் போச்சு."

பிறகு மற்றதையும் சொன்னான். மாலை போட்ட படத்துக்கு முன்னால் அமாவாசைதோறும் இலை போட்டு, போனவருக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிடுவது அவர்கள் வழக்கம். துர்கா கடைசியாகப் படுத்திருந்த மாதங்களில் சோறு இறங்கவில்லை. டிவி ஒன்றுதான் கதி. அதனால் ஒரு அமாவாசைக்கு வினோத்குமார், அவள் பேரிலிருந்த கனெக்‌ஷனுக்கு ரீசார்ஜ் செய்து, அவளுடைய சீரியலைப் போட்டு, இலைக்குப் பக்கத்தில் ரிமோட்டையும் வைத்துக் கும்பிட்டிருக்கிறான்.

"வந்துச்சு சார். வந்தது போவல."

"உங்களோட பேசினாங்களா? பக்கத்துல உக்காந்தாங்களா?"

வினோத்குமார் அவனை ஒரு மாதிரி பார்த்தான். "நான் இன்னா சொல்லிகினு கீறேன், நீ இன்னா சார் கேக்கற?"

ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த ஆளுக்கு வந்திருக்கிறாள். கூப்பிட்ட முதல் தடவையே வந்திருக்கிறாள். இவன் வேண்டாம் என்று வீட்டைக் காலி செய்துவிட்டு ஓடியிருக்கிறான். அந்தக் கரிய, களைத்த முகத்தை அறைய வேண்டும்போல் ஆபேலின் கை துறுதுறுத்தது.

வினோத்குமார் குரலைத் தாழ்த்தினான். "பொம்பள யாரும் உள்ள வரக் கூடாது சார் அதுக்கு. சோறு பொங்க வந்த எங்கம்மாவையே படியில தள்ளி வுட்ருச்சு. உயிரோட கீறப்பவே அப்டித்தான். மீன் வாங்க வர்றவங்ககிட்ட நான் சிரிச்சாக்கூட மூணு நாள் மூஞ்சி தூக்கி வச்சுக்கும்." சொல்லும்போது அவனை அறியாமல் லேசாகச் சிரித்தான். சிரிப்பு உடனே போய்விட்டது. "பணம் தீந்தா அடங்கிரும். நீங்க கட்டாதீங்க. கட்டுனா கூப்புட்ற மாதிரி. டிஷ்ஷ கழட்டிக் கடாசிடுங்க."

ஆபேல் சரி என்றான்.

மறுநாள் அவன் சர்ச்சுக்குப் போகவில்லை. ரீசார்ஜ் செய்தான், விளையாட்டுச் சேனல்களையும் சேர்த்து. ஜென்சிக்குக் கிரிக்கெட் பைத்தியம் உண்டு. மேட்ச் என்றால் மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்த் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, ஆடுகிறவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். ஆபேல் காம்ப் ரோடு வரை போய் மாங்காய் வாங்கி வந்தான். வாழையிலையும் வாங்கினான். டீப்பாயில் இலை போடும்போது நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தெரியவில்லை. என்ன சொல்லிக் கும்பிடுவது என்றும் தெரியவில்லை. மேட்ச் தொடங்கியதும் விளக்கை அணைத்துவிட்டு, சோபாவின் நடுவில் உட்கார்ந்தான்.

"வா," என்றான். "என்கிட்டயும் ஒரு தடவ வா."

ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. விமானப்படைத் தளத்துக்குத் திரும்பும் சின்ன விமானமொன்று இரைந்து, தேய்ந்து, மறைந்தது. கொசுவத்தி வாசனை. சுவரில் பல்லி. மைதானத்தின் இரைச்சல் அலையலையாக அறையை நிறைத்தது. யாரோ ஒருவர் வீணாக ரன் அவுட் ஆனார்.

வலது பக்கம், மிக அருகில், மாங்காய் கடிபடும் சத்தம் கேட்டது.

"இவனையெல்லாம் யாரு டீம்ல எடுத்தது?"

அவள் குரல். கொஞ்சம் கரகரத்த, சலித்துக்கொள்ளும் அதே குரல். ஆபேல் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாள். கையை மட்டும் இருக்கையின் மேல் மெல்ல நகர்த்தினான். விரல்கள் வந்து அவன் விரல்களில் கோத்துக்கொண்டன. குளிர்ந்த விரல்கள். மிளகாய்த்தூளின் நெறுநெறுப்பு. அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெகுநாள் கழித்து.

தபீதாளிடம் இல்லை. ஜோசலினிடம் இல்லை. இங்கே. என்னிடம்.

"ஆபேல்," என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. "உன் பக்கத்துல யாரு?"

இடது முனை அமுங்கியது.

சாம்பிராணி.

சோபா முன்னும் பின்னும் ஒருமுறை ஆடியது. அவன் முதுகுக்குப் பின்னால் ஏதோ வேகமாகக் கடந்தது. இலை கிழிந்தது. மாங்காய்த் துண்டுகள் தரையில் உருண்டன. ஜென்சி கத்தவில்லை. ஒரு மூச்சு மட்டும், தண்ணீரில் தள்ளப்பட்டவள் இழுக்கும் கடைசி மூச்சுபோல. அவன் கை பின்பக்கம் இழுபட்டது. தோள் முறுகியது. அவன் விடவில்லை. அவளும் விடவில்லை.

மேட்ச் போய்விட்டது. சீரியல் வந்தது.

ஆபேல் திரும்பிப் பார்த்தான்.

சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கைகூட நுழையாத இடைவெளி. அதற்குள்ளிருந்து முழங்கைவரை ஒரு கை நீண்டு, அவன் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் குத்திக் கன்றிய அந்தக் கறுப்பு. முழங்கைக்கு அப்பால் சுவரும் தரையும்தான். கை இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ அடியிலிருந்து இழுப்பதுபோல.

இடது பக்கம் உட்கார்ந்திருந்தவள் அவனைப் பார்க்கவில்லை. சாம்பிராணி மணக்கும் ஈரத் தலையொன்று கனமாக அவன் தோளில் சாய்ந்தது. சீரியலில் யாரோ அழுதார்கள். தோளில் கிடந்த தலை, கதை பிடித்துப்போனதுபோல், மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.