ஆறாவது சிடி

அந்தக் காரை நான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தது ஒரு ஜனவரி மாதம், பகல் மூன்று மணிக்கு. வெளியே கும்மிருட்டு. துருவத்தை ஒட்டிய எங்கள் யோக்மோக் ஊரில் ஜனவரி மூன்று மணி அப்படித்தான் இருக்கும். கராஜில் நிறுத்தி, எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க ஹீட்டர் வயரைச் சுவரில் செருகினேன். காருக்குள் பைன் வாசனை அட்டை ஒன்று தொங்கியது. அதையும் மீறிப் பழைய பைப் புகையிலை வாசனை அடித்தது.

இறந்துபோன ஒருவருடைய கார். ஆர்வித் என்று பெயர். அவர் தங்கை ஸ்வேயா கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். செத்தவர் காரை வாங்க எங்கள் ஊரில் யாரும் கூசுவதில்லை. அடியில் குனிந்து துரு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம்.

என் கவலை வேறு. நானும் அன்னெலியும் பிரிந்து மூன்று வருஷம். மகள் தூவா அவளோடு லூலியோ நகரத்தில் இருக்கிறாள். வயது ஒன்பது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை நான் போய்க் கூட்டிவர வேண்டும். இரண்டு மணி நேரம் காடும் பனியும்தான். போன தடவை இறக்கிவிடும்போது அவள் பட்டென்று கேட்டுவிட்டாள்.

"அப்பா, இந்த ரோடு செம போர். நான் இனிமே அம்மாகிட்டயே இருந்துடட்டுமா?"

"வேற கார் வாங்கப் போறேன்டி. உன் பிளேயர்ல இருக்கிற கதையெல்லாம் கார் ஸ்பீக்கர்லயே கேக்கலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பிளேயரை என் கையில் வைத்தாள். "சரி, இன்னும் ஒரே ஒரு தடவை வரேன். கதை பாடலன்னா அதோட முடிஞ்சது."

காரின் சொந்த ஸ்டீரியோவில் எதையும் செருக ஒரு துளை கிடையாது. பக்கத்து வீட்டு ஹோக்கன் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவந்தான். டிக்கியில் ஆறு சிடி போடும் சேஞ்சர் ஒன்று இருந்தது. அதன் வயரை ஸ்டீரியோவின் பின்னாலிருந்து பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் இந்தப் பெட்டியை மாட்ட வேண்டும். "நான்தான் சேஞ்சர்" என்று பெட்டி பொய் சொல்லும். ஸ்டீரியோ நம்பிவிடும். பெட்டியில் செருகிய பிளேயர் பாடும்போது திரையில் 'சிடி 1' என்று வரும். அரை மணி நேர வேலை என்றான்.

அரை மணி நேரமாம்! இரண்டு சாயங்காலம் போயிற்று. ஸ்டீரியோவைச் சுற்றியிருந்த முகப்புப் பலகையின் கொக்கிகள் குளிரில் பிஸ்கட் போல உடைந்தன. விரல் மரத்தது. ஸ்க்ரூ ஒன்று உள்ளே விழுந்து இன்றுவரை கிடைக்கவில்லை. டிக்கியிலிருந்து சேஞ்சரைக் கழற்றியபோது அதில் ஐந்து தட்டுகள் காலி. ஆறாவதில் ஒரு சிடி. மார்க்கரால் 'வீட்டுக்குப் போகும்போது' என்று எழுதியிருந்தது. சேஞ்சரோடு சேர்த்துக் கராஜ் மேசைக்கு அடியில் தள்ளினேன்.

எல்லாம் மாட்டி, கழற்றி வைத்திருந்த பேட்டரியைத் திரும்ப இணைத்ததும் ஸ்டீரியோ கண்ணைத் திறந்து ஒரே வார்த்தை காட்டியது.

கோட்?

"டேய் கோனி, நாலு நம்பர் கோட் கேட்டு வைக்காமலா பேட்டரியக் கழட்டுன?" ஹோக்கன் தலையில் அடித்துக்கொண்டான். "திருடன் எடுத்துட்டுப் போனா பாடக் கூடாதுன்னு பூட்டிக்கும். இங்க சின்னப் புள்ளகூட அந்த நம்பர் இல்லாம தொடாதுடா."

"இப்பச் சொல்லு! கழட்டும்போது வாயில பன்னா வச்சிருந்த?"

"ஆமா, பன்னுதான் வச்சிருந்தேன்."

மூன்று தடவை குத்துமதிப்பாகப் போட்டேன். ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்குப் பூட்டிக்கொண்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஹோக்கன் வீட்டுக்குப் போய்விட்டான். நான் சமையலறைக்குப் போய் ஸ்வேயாவுக்கு போன் போட்டேன்.

"கோடெல்லாம் எனக்கு எங்க தம்பி தெரியும்? அது எங்க அண்ணனோட போயிடுச்சு." பிறகு அவரே ஆரம்பித்தார். "அவன் தொணதொணன்னு பேசிக்கிட்டே இருப்பான். அதனாலயே அவன் கார்ல ஒருத்தரும் ஏறல. கடைசில தனியா வர்றப்ப, லூலியோ ரோட்ல ஏரி வளைவுல ஓரமா நிறுத்தினவன் அப்படியே சீட்டுலயே உயிர விட்டுட்டான். ரெண்டு நாள் யாரும் பாக்கல."

"அடப்பாவமே."

"பேட்டரி செத்துக் கிடந்துச்சாம். ஆனா மொதல்ல பாத்த ஆளு என்ன சொன்னான் தெரியுமா? உள்ள யாரோ பேசிட்டிருந்தாங்களேன்னான்."

போனை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போனேன்.

இருட்டில் பச்சையாக ஒரு வெளிச்சம்.

ஸ்டீரியோ கோட் கேட்கவில்லை. யாரோ போட்டிருந்தார்கள்.

திரையில் 'சிடி 6'.

ஹோக்கனின் வேலைதான் என்று வையாத வார்த்தையெல்லாம் வைதேன். மறுநாள் கேட்டபோது, "சத்தியமா நான் இல்லடா" என்றான். முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு அதை யோசிக்க நேரமும் இல்லை. வியாழக்கிழமை ஆகிவிட்டது. பிளேயரைச் செருகிப் பார்த்தேன். முன் ஸ்பீக்கர் இரண்டும் ஊமை. பின்னால் மட்டும் கதை கேட்டது. எந்த வயரைத் திருப்பியும் முன்னால் வரவில்லை. கடைசியில் எரிச்சலில் முகப்புப் பலகையை ஒரு குத்துக் குத்திவிட்டு, பின் சீட்டில் உட்காரப் போவது அவள்தானே, கேட்டால் போதும் என்று விட்டுவிட்டேன். இரவு பிளேயரைச் சார்ஜில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து ஓடிவந்து, குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். லூலியோவில் தூவா உம்மென்று ஏறினாள். சேஞ்சர் பொத்தானை அழுத்தினேன். 'சிடி 1' வரவில்லை. 'சிடி 6' என்று வந்தது. அட சனியனே என்று இன்னொரு தடவை அழுத்தினேன். அதே ஆறு. ஆனால் பின்னாலிருந்து முணுமுணுப்பாக ஒரு குரல் கதை சொல்ல ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட்டேன். என்னமோ ஒன்று, பாடுகிறதே.

பத்து கிலோமீட்டர் போனதும் தூவா சிரித்தாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். முன்னால் எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆண் குரல் என்பது மட்டும் தெரிந்தது. புகையிலை வாசனை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஏரி வளைவைக் கடந்தபோது குரல் நின்றது. தூவா தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் மனசுக்குள் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தேன். என் மகள் என் காரில் சிரித்தாள் என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன்.

சமையலறை மேசையில் பிளேயர்.

நேற்று ராத்திரி சார்ஜில் போட்ட இடத்திலேயே இருந்தது.

"அப்பா, அடுத்த தடவையும் வரேன்" என்றாள் தூவா, ஷூவைக் கழற்றிக்கொண்டே. இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடும் பட்டேன். "அந்தத் தாத்தா பாதிக் கதைல நிறுத்திட்டாரு. மீதி அங்க ஏரிகிட்ட வச்சுத்தான் சொல்வாராம். நாம நிறுத்தணுமாம்."

"எந்தத் தாத்தாம்மா?"

"கதை சொன்னாரே, அவருதான்."

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து கடப்பாறையோடு காருக்குள் உட்கார்ந்தேன். பெட்டி, வயர், ஸ்டீரியோ, நாலு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பிடுங்கினேன். ஆறாவது சிடியை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தேன். எல்லாவற்றையும் நானே நகராட்சிக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோய்ப் பழைய இரும்புத் தொட்டியில் வீசினேன். கதை இல்லையென்றால் தூவா வரமாட்டாளே என்று வழியெல்லாம் அழுகை முட்டியது.

ஆனாலும் அவள் வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். ஸ்டீரியோ இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அதைப் பார்த்துவிட்டு பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். டயருக்கு அடியில் பனி நொறுங்குகிற சத்தம் மட்டும்தான். ஒரு மணி நேரம் அப்படிப் போனது. எனக்கு மூச்சு சீரானது.

பின்னால் தூவா சிரித்தாள்.

"தூவா? என்னடி?"

"உஷ், அப்பா. கதை ஓடுது."

புகையிலை வாசனை.

"இண்டிகேட்டர் போடுப்பா," என்றாள் மெதுவாக. "வளைவு வருது."

நான் போடவில்லை. அது ஏற்கெனவே டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.