வீம்புப் பெட்டி

"எல்லாம் புள்ளயோட இஷ்டம்" என்றார் தங்கவேல்.

"அப்பா அம்மா இஷ்டமுங்க" என்றாள் மகள் நித்திலா.

"வாழப்போறது அவ. இதுல எனக்கென்ன தனியா ஒரு இஷ்டம்?" என்றாள் அம்மா வடிவு, முறுக்குத் தட்டை நகர்த்தியபடி.

வடவள்ளியில் அந்த வீட்டில் காலையிலிருந்து இதே கதைதான். தூத்துக்குடிக்கு அப்பால் கடலில் மிதக்கும் கடல்மேடு நகரத்தின் பாசி வயல்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன் பரிதி, போன ஞாயிறு நித்திலாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தான். இன்று மாலை ஆறு மணிக்கு அவன் வீட்டார் பதில் கேட்டு அழைப்பார்கள். ஐந்தரை ஆகியும் ஒருவர் வாயிலும் பதில் இல்லை.

"பேசாம பெட்டிகிட்டயே கேட்டுப்போடலாமா?" என்றார் தங்கவேல்.

எல்லா வீடுகளையும் போல அங்கும் அலமாரி மேல் தேங்காய் அளவில் ஒரு 'தேர்வி' உட்கார்ந்திருந்தது. அதை உருவாக்கியவர்களில் நித்திலாவும் ஒருத்தி. முதலில் வந்த தேர்விகள் சரியான பதிலைச் சட்டென்று சொல்லின. யாரும் யோசிக்கவில்லை. சிலர் தலையாட்டிவிட்டுத் தம் போக்கில் போனார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு அது சொன்னபடி செய்துவிட்டு, பிறகு அதையே திட்டினார்கள். மனிதர்களை யோசிக்க வைப்பது எது என்று மண்டையை உடைத்துக்கொண்ட நித்திலாவுக்கு, விடை அப்பா அம்மா சண்டையில்தான் கிடைத்தது. யாராவது மறுத்துப் பேசினால்தான் இருவரும் காரணமே தேடுவார்கள்!

தேர்விக்கு வீம்பு கற்றுக்கொடுத்தாள். பேசுபவரின் குரலையும் தயக்கத்தையும் வைத்து, மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது கண்டுபிடிக்கும். பிறகு எதிர்ப்பக்கம் நின்று வாதாடும். பொய் சொல்லாது; உள்ள குறைகளை மட்டும் எடுத்து வைக்கும். மக்கள் அதோடு மல்லுக்கு நின்றார்கள். அந்தச் சண்டையில் நன்றாக யோசித்தார்கள். 'வீம்புப் பெட்டி' என்று செல்லப்பெயரும் வைத்தார்கள்.

தன் வீட்டுப் பெட்டியில் மட்டும் நித்திலா வீம்பை அணைத்து வைத்திருந்தாள். சூட்சுமம் தெரிந்தவளிடம் அது எடுபடாதல்லவா!

"பரிதியைக் கட்டிக்கலாமா?" என்று கேட்டாள். குரல் லேசாகக் கம்மியது.

"வேண்டாம்" என்றது தேர்வி. "கடல்மேட்டுக்குப் படகில் மூன்று மணி நேரம். உங்களுக்குப் படகு ஆகாது."

"மாத்திரை போட்டுக்குவேன்."

"அவர் உங்கள் அப்பாவிடம் அதிகம் பேசவில்லை."

"என்கிட்ட பாசி வளர்க்கிறதைப் பத்தி எவ்வளவு ஆசையா பேசினாரு! என் வேலையைப் பத்தியும் கேட்டாரு. இதுவரைக்கும் வந்த ஒருத்தராவது கேட்டிருப்பாங்களா?"

"முறுக்கைக் காபியில் நனைத்துச் சாப்பிட்டார்."

"அதனால என்ன? யாரும் பாக்காதப்போ நானும் அப்படித்தான் சாப்பிடுவேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் பெட்டி தன்னோடு வாதாடியது அவளுக்கு உறைத்தது. வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

"அம்மா! வீம்பைப் போட்டு வெச்சது நீங்களா?"

"மத்தியானமே போட்டுட்டேன் கண்ணு. உன் வாயைத் திறக்க வேற வழி?"

நித்திலாவின் முகம் சிவந்தது. தான் செய்த பெட்டியிடம் தானே மாட்டிக்கொண்டாள். அதை நினைத்து வெட்கப்படக்கூட நேரமில்லை, தொலைபேசி அழைத்தது. பெரியவர்கள் இல்லை, பரிதியேதான்.

"மன்னிச்சிருங்க, பொறுக்க முடியல. எங்க வீட்டுப் பெட்டி உங்கள வேண்டவே வேண்டாம்னு ஒத்தக் கால்ல நிக்கி."

அதைவிட இனிப்பான வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

"ரொம்ப நேரமாவா?"

"ஞாயித்துக்கிழமையில இருந்து."

"அப்படி என்ன குறை சொல்லுச்சாம்?"

"எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்'னுதான் சொல்லுவீங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவங்க இஷ்டம் என்னன்னு நானே கேட்டுக்கிடுதேன்னு சொல்லிட்டேன்."

நித்திலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு இஷ்டம்" என்றாள், முதல் முறையாக.

தங்கவேல் உற்சாகத்தில் பெட்டியின் பக்கம் திரும்பினார். "முகூர்த்தத்தைத் தையில வெக்கலாமா, வைகாசியில வெக்கலாமா?"

இந்தக் குடும்பத்தோடு தேர்வியும் பல நாள் இருந்துவிட்டதே!

"எதுவானாலும் சரி" என்றது. "உங்கள் இஷ்டம்."