மாறிப்போன காபிக் கோப்பை

“உஷ்ஷ்... இது தியேட்டர்ங்க. உங்க வீட்டு ஹால் இல்ல.”

முன்வரிசைக்காரன் திரும்பிச் சொன்னதும் மெலிகேவுக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் என்ன ஊர்வம்பா பேசினாள்? படத்தின் ஜெர்மன் வசனத்தை அப்பா ரிஃபாத்துக்குத் துருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகர இரும்பாலையில் நாற்பது வருடம் உழைத்த மனிதருக்கு மேஸ்திரியின் ஜெர்மன் அத்துப்படி. சினிமாவின் வேகம்தான் பிடிபடாது.

படமோ, துருக்கிக் குடும்பத்துக்கு ஜெர்மன் மருமகன் வந்து மாட்டிக்கொள்ளும் கூத்து. பாதியில் வசனம் துருக்கிக்கு மாற, அப்பாவும் மகளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். முன்வரிசைத் தலை மெல்லத் திரும்பியது.

“கண்ணாடிய மறந்துட்டேன்... கீழே ஓடற எழுத்து தெரியல. என்ன சொன்னாங்க?”

“இது தியேட்டர்ங்க,” என்றாள் மெலிகே.

அப்புறம் பாவம் பார்த்துச் சொன்னாள். அந்த நீலக் கண்கள் இருட்டிலும் சிரித்தன... அவள் அவசரமாகத் திரையைப் பார்த்தாள். அதன்பிறகு கதை அவளுக்கே புரியவில்லை. அப்பா இரண்டு முறை முழங்கையால் இடித்துக் கேட்க வேண்டியிருந்தது.

வெளியே மழை. டிராமுக்குக் காத்திருந்தபோது, அவன் பெயர் ஹென்னிங், பள்ளியில் பாட்டு வாத்தியார் என்பதெல்லாம் தெரிந்தது. அவன் இமையில் ஒரு துளி நின்றது... விழவே இல்லை. அவள் மனசுதான் விழுந்தது.

எட்டு மாதம் கழித்து ஹென்னிங் ஒரு தப்பு செய்தான். பெண் கேட்கத் தனியாக வந்து நின்றான். அவன் பக்கத்தில் அதுதான் மரியாதை. ரிஃபாத்துக்கோ அது அவமானம். தேநீர் கொடுத்து, பதமாகப் பேசி அனுப்பிவிட்டு மகளிடம் கேட்டார்: “பெரியவங்க வந்து கேக்காத வீட்டுக்கு நான் எப்படிம்மா பொண்ணு குடுக்கறது?”

ஹென்னிங்கின் அம்மா கெர்லிண்டேவும் லேசுப்பட்டவள் இல்லை. முப்பத்துமூன்று வயதுப் பிள்ளைக்காக நான் ஒருவர் வாசலில் போய் நிற்பதா, என் கல்யாணத்தையே நான் முடித்த பிறகுதான் வீட்டில் சொன்னேன் என்றாளாம். உங்கள் அம்மா எங்கள் வீட்டுப் படியேறாவிட்டால் அப்பாவை மீறி நானும் வரமாட்டேன் என்று அவனிடம் சொன்னாள் மெலிகே. சொல்லிவிட்டு இரண்டு வாரம் தலையணையை நனைத்தாள். அப்பாவையும் இழக்க முடியாது... அவனையும்தான்.

மூன்றாவது ஞாயிறு, மணி மூன்று அடிக்கும்போதே அழைப்புமணி அடித்தது. பூங்கொத்தோடு கெர்லிண்டே. பின்னால், அழுத்தி வாரிய தலையோடு ஹென்னிங்.

மெலிகே காபி போட்டாள். துருக்கி வழக்கப்படி மாப்பிள்ளைக் கோப்பையில் மட்டும் இரண்டு கரண்டி உப்பு. முகம் சுளிக்காமல் குடித்தால் பையன் தேறுவான். ஆனால் தட்டை நீட்டியதும், ஓரத்திலிருந்த அந்தக் கோப்பையைக் கெர்லிண்டே எடுத்துக்கொண்டாள்.

ஒரு வாய். கண் கலங்கியது. இன்னொரு வாய்... கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, ரொம்ப நன்றாக இருந்தது என்றாள்.

மெலிகேவால் தாங்க முடியவில்லை. “அப்பா... அது அவரோட கப்பு. உப்பு போட்டது.”

ரிஃபாத் திகைத்துப்போனார். “ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“உங்க காபியே இப்படித்தானோன்னு நெனச்சேன். மூஞ்சியச் சுளிச்சா பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னு பயம்,” என்றாள் கெர்லிண்டே. “இவன் ரெண்டு வாரமா சரியா சாப்பிடலைங்க.”

ரிஃபாத் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். தானே எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

“வந்த விஷயத்தைக் கேளுங்க, சம்பந்தியம்மா.”

கெர்லிண்டே தன் பிள்ளைக்குப் பெண் கேட்டாள். ரிஃபாத் மகள் பக்கம் திரும்பினார். “உனக்கு?”

பெரியவர்கள் சரி என்னும் வரை வாயைத் திறப்பதில்லை என்று, ஹென்னிங்கிடம்கூட ‘பிடிக்கும்’ என்ற வார்த்தையை அவள் இதுவரை சொன்னதில்லை. இப்போது காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அவன் கண்களையே பார்த்தபடி சொன்னாள்.

“எனக்கு இவர ரொம்பப் பிடிக்கும்ப்பா... முதல் நாள்லேர்ந்தே.”