மிதவை நின்ற இடம்

செவ்வாய்க்கிழமை விசாரணை. அதற்குள் கடலடியில் கிடக்கும் ஒரு சிமென்ட் கட்டியைக் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கஸ்மீர் தண்டலின் உரிமம் போய்விடும். முப்பது வருடம் தோணி ஓட்டியவர், ஐம்பத்தைந்து வயதில் வேறு என்ன வேலைக்குப் போவார்?

நடந்தது இதுதான். தூத்துக்குடிக்கு வெளியே ஒரு பார்ஜ் மூழ்கியது. மூழ்கிய கலம் கிடக்கும் இடத்தில் அடையாளம் வைப்பது அதன் முதலாளியின் பொறுப்பு. நீலமும் மஞ்சளும் பூசிய மிதவை ஒன்றை முதலாளி போட்டார். பட்டப்பகலில் அதைப் பார்த்து, அரை மைல் மேற்கே ஒதுங்கிப் போன தண்டலின் தோணி நேராகப் பார்ஜின் மேல் ஏறி உடைந்தது. தோணியிலிருந்த ஏழு பேரும் பிழைத்தார்கள், தோணி பிழைக்கவில்லை. மறுவாரம் பார்த்தால் மிதவை பார்ஜின் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. "முதல் நாளிலிருந்தே இங்கேதான் இருக்கிறது. தண்டல் தூங்கிவிட்டார்" என்றார் முதலாளி.

"மிதவைய மட்டும்தான் இழுத்திருப்பாவ மாமா" என்றாள் பெனடிக்டா. தண்டலின் தங்கை மகள், அவருடைய வக்கீலும் அவள்தான். "அடியில உள்ள கட்டி மூணு டன். சங்கிலிய வெட்டிட்டு அப்படியே விட்டிருப்பாவ. அது கெடக்குற எடம்தான் மிதவ மொதல்ல நின்ன எடம்."

சனிக்கிழமை காலை மூவரும் ஒரு வள்ளத்தில் கிளம்பினார்கள். மூன்றாமவன் சங்கு குளிக்கும் செல்வெஸ்தர். வரைபடம் தண்டலின் தலைக்குள் இருந்தது. கடலில் எதைக் கண்டாலும் கரையோடு பொருத்திப் பார்த்துக்கொள்வது அவர் பழக்கம். விபத்தன்று மிதவையை நெருங்கியபோது அனல்மின் நிலையத்தின் தென்கோடிப் புகைபோக்கி மாதா கோயில் கோபுரத்தை மறைத்தது. கலங்கரை விளக்கம் உப்பளத் தண்ணீர்த் தொட்டிக்கு நேராக நின்றது. இரண்டும் மறுபடி பொருந்திய இடத்தில் நங்கூரம் போட்டார்.

ஒன்பது பாகம், ஐம்பது அடிக்கு மேல் ஆழம். செல்வெஸ்தர் பத்து முறை முங்கியும் சேறுதான் கிடைத்தது. பதினோராவது முறை சிரித்துக்கொண்டே மேலே வந்தான்.

"கெடக்கு அண்ணே! வெட்டுன சங்கிலியும் கெடக்கு. கம்பெனி பேர் போட்ட பித்தளைத் தகடு ஒத்த நட்டுல தொங்குது. ஸ்பேனர் குடுங்க, கழட்டிட்டு வாரேன்."

தண்டல் ஆசையோடு ஸ்பேனரை நீட்டினார். அதுவரை வள்ளத்தின் விளிம்பில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்த பெனடிக்டா தலையைத் தூக்கினாள்.

"குடுக்காதீய மாமா. மேல வந்துட்டா அது வெறும் தகடு. நாமளே செஞ்சி கொண்டுவந்ததா சொல்லுவாவ. அங்கன கெடந்தாத்தான் சாட்சி."

"கடலுக்குள்ள போயி வெறுங்கையோட நான் வந்ததே இல்ல" என்றான் செல்வெஸ்தர்.

தண்டலுக்கும் மனசில்லை. அந்தத் தகட்டை முதலாளியின் மேசையில் வீசினால் எப்படி இருக்கும்! ஆனாலும் ஸ்பேனரைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

கடலடியை நேரில் பார்க்க ஆணையர் ஒருவரை அனுப்பும்படி பெனடிக்டா ஃபோனிலேயே நீதிமன்றத்துக்கு மனுப் போட்டாள். அவர் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகர முடியாது. ஞாயிறு காலை, சேதி தெரிந்து கம்பெனியின் லாஞ்ச் படகு ஒன்று வந்து வள்ளத்தை மூன்று முறை சுற்றியது. அதில் முங்குகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். தண்டல் எழுந்து நின்று, அவர்களைப் பார்த்தபடி நிதானமாகப் பல் தேய்த்தார். யார் முங்கினாலும் அவர் கண் முன்னால்தான் முங்க வேண்டும். லாஞ்ச் திரும்பிப் போனது. ரொட்டி தீர்ந்தது, மேற்கிலிருந்து கச்சான் காற்று ஆட்டியெடுத்தது, வள்ளம் இடம் விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை ஆணையர் வந்தார், தன் ஆட்களை இறக்கினார், இருந்ததை இருந்த இடத்திலேயே படம் எடுத்தார். தவறான இடத்தில் அடையாளம் வைப்பது, வைக்காமல் விடுவதைவிட மோசம் என்று தீர்ப்பு வந்தது. விபத்துக்கு முழுப் பொறுப்பும் முதலாளிக்கு. உரிமம் தண்டலுக்கு.

அடுத்த மாதம் வேறொரு தோணியில் அதே வழியாகப் போனார். நீலமும் மஞ்சளுமாக அதே மிதவை தெரிந்தது.

"தண்டலே, இத நம்பலாமா?" என்றான் கூட இருந்த ஒருவன்.

"நம்பித்தான் ஆகணும். நம்பாம கடல்ல ஒரு மைல் போக முடியாது. அதான் பொய்யா வச்சவன விட்டுறக் கூடாதுன்னு அங்கனயே கெடந்தேன்" என்றார் கஸ்மீர் தண்டல். பிறகு மிதவையை விட்டு அரை மைல் ஒதுங்கிப் போனார்.