அசல் சந்தனம் கேட்ட சம்பந்தி

செவ்வாய்க் கிரகத்தில் கல்யாணத்துக்குப் போனால் வாசலிலேயே தலைக்கவசத்தைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது அடுத்தவர் கவசம்தான் கிடைக்கும். அன்று மூன்றாம் குடியிருப்புக் குமிழி மண்டபத்தில் நூற்றுப்பத்து டோக்கன்கள் போயிருந்தன. பெண்ணின் அப்பா பொன்னரங்கத்துக்கு அந்தப் பெருமையெல்லாம் உறைக்கவில்லை. அவர் கண் முழுவதும் வரவேற்பு மேசையிலிருந்த சந்தனக் கிண்ணத்தின் மேலேயே இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா திலகவதி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நகை நட்டு எதுவும் வேணாம் சம்பந்தி. வரவேற்புல அசல் சந்தனம் இருக்கணும். அதுதான் எங்களுக்கு மரியாதை."

பூமியிலிருந்து கட்டை வந்துசேர இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்காகத் தன் சரக்கு ஒதுக்கீட்டை அப்படியே விட்டுக்கொடுத்த மனிதர், ஒரே சட்டையில் காலம் தள்ளினார். செவ்வாய்ப் பாறையில் முழங்கை நோகத் தானே அரைத்தார். முகர்ந்து பார்த்தபோது, 'இவ்வளவுதானா?' என்று அவருக்கே தோன்றியது. குமிழியில் பிறந்தவர்களுக்குச் சந்தனம் என்றால், வெள்ளிக்கிழமைதோறும் காற்றுக்குழாயில் திறந்துவிடுகிற செயற்கை வாசம்தான். அது ஆளையே தூக்கும்.

திலகவதி ஒரு பொட்டு எடுத்து முகர்ந்தார். முகம் சுருங்கியது.

"என்ன சம்பந்தி, மரத்தூளக் கரைச்சு வெச்சிருக்கீங்க? எங்கள என்ன ஏமாளின்னு நெனச்சீங்களா? ஏங்க, டோக்கன எடுங்க, போலாம்!"

"ஒரு நிமிஷம் இருங்க சம்பந்தி!" என்றார் பொன்னரங்கம். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். இரண்டு வருஷச் சந்தனத்தை மனசே இல்லாமல் கொட்டினார். பாவம், அழுகைகூட வந்தது. அங்கிருந்த சந்தன சோப்பைச் சீவி, நீர்விட்டுக் குழைத்துக் கொண்டுவந்து வைத்தார்.

வாசலில் நின்ற வரவேற்பி இயந்திரம் பொய் பேசத் தெரியாத பிறவி. "கவனிக்கவும். கிண்ணத்தில் இருப்பது சோ..." என்று ஆரம்பித்தது. பொன்னரங்கம் தன் அங்கவஸ்திரத்தை அதன் வாயில் திணித்தார்.

"அடடா! இதுல்ல சந்தனம்!" திலகவதி பூரித்துப்போய் நெற்றியிலும் கழுத்திலும் பூசிக்கொண்டார். "இத உள்ள ஒளிச்சு வெச்சுட்டு எங்களச் சோதிச்சீங்களா? நல்ல ஆளுதான் நீங்க!"

வியர்வை பட்டு அவர் நெற்றியில் லேசாக நுரைத்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

தாலி ஏறியது. ஆசீர்வதிக்க மகள் குயிலியின் தலையில் பொன்னரங்கம் கை வைத்தார். அசல் ஆயிற்றே, அவர் மணிக்கட்டில் அந்த மணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

குயிலி மூக்கைச் சுளித்தாள்.

"அப்பா, கையில என்ன ஏதோ நாத்தம்? போய் சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்கப்பா."

பொன்னரங்கம் கழுவப் போனார். பாதி சோப்பு மீதி இருந்தது.