உயரமானவர் உடனே நேரில் வரவும்

எங்கள் வாரப் பத்திரிகையை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. ஞாயிறு காலையில் மேற்கு மாம்பலத்து வாசல்களில் தானாக வந்து விழும். பஜ்ஜிக்கு அடியில் விரிக்கவாவது ஆகும் என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். தலையங்கத்தை ஆசிரியர் சுப்பராமன் சாரும் அவர் மனைவியும் படிப்பார்கள். மற்ற எல்லாரும் படிப்பது கடைசிப் பக்கத்து வரி விளம்பரங்களைத்தான்.

அந்தப் பக்கம் என் பொறுப்பு. என் பெயர் சந்திரிகா. போனில் விளம்பரம் வாங்குவது வேலை. யார் கூப்பிட்டாலும் முதலில் பெயரைக் கேட்பேன், மற்றதெல்லாம் பிறகுதான். பெயர் சொல்லாதவரிடம் விளம்பரம் வாங்கக் கூடாது என்பது சாரின் சட்டம்.

டிசம்பரில் அந்தப் பக்கம் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். முட்டை சேர்க்காத ப்ளம் கேக், மாமியின் கைப்பக்குவம். தம்பூரா வாடகைக்கு. குடில் பொம்மைகள், காகித நட்சத்திரம். சபா கேன்டீனில் பரிமாற ஆட்கள். ஆண்டவரும் அய்யரும் ஒரே பத்தியில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பக்கம் முடிக்கிற நேரம் பார்த்து யாராவது, தம்பூரா போய்விட்டது, விளம்பரம் வேண்டாம் என்பார்கள். இடம் காலியாகிவிடும். "ஓட்டை விட்டுண்டு பேப்பர் போட்டா யாரு மதிப்பா?" என்பார் சார். அதனால் போன வருஷப் பக்கத்திலிருந்து அதே அளவு விளம்பரம் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிடுவோம். அதைப் பார்த்து யாராவது கூப்பிட்டால், விற்றுப்போச்சு என்று உரியவர் சொல்லிவிடுவார். இத்தனை வருஷத்தில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த டிசம்பரிலும் ஒரு தம்பூரா போய்விட்டது. பக்கம் அமைக்கிற ரூபீனா, கைக்குக் கிடைத்த ஒரு பழைய விளம்பரத்தை எடுத்துப் போட்டாள்.

கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் கடை வாசலில் நிற்க ஆள் தேவை. உயரமானவர் உடனே நேரில் வரவும்.

கீழே தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் முகவரி. கடையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. என் தம்பி ஸ்ரீஹரி அங்கேதான் சூப்பர்வைசராக இருந்தான். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். வேறு யாருமில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் கருணாகரன் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், சாதாரணமாகவே ஊருக்குக் கேட்கும்படி பேசுவார். அன்றைக்குக் குரல் அடங்கியிருந்தது. யாரைக் கேட்டு விளம்பரம் போட்டீர்கள் என்றார். இடம் நிரப்பப் போட்டது, யாராவது வந்தால் ஆள் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

"ஆளு வந்து நிக்கானேம்மா," என்றார். "நாங்க கூப்பிடல."

நின்றால் அனுப்பிவிட வேண்டியதுதானே என்றேன். போனில் ஒரு கைமணியின் சத்தம் கேட்டது, பிறகு வைத்துவிட்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு விளம்பரத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? மத்தியானம் தம்பிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, ரயில்வே பாலம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன். பண்டிகைக் கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. கடை கண்ணில் படும் முன்பே மணிச் சத்தம் காதில் பட்டது.

வாசலில் அவன் நின்றான்.

ஆறடிக்கு மேல் இருப்பான். சிவப்பு உடுப்பு துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது, நெஞ்சில் மட்டும் பழுப்பாக ஒரு கறை போகாமல் நின்றது. ரப்பர் முகமூடி சிரித்துக்கொண்டிருந்தது. அதன் ஒரு கன்னம் உள்ளே அமுங்கியிருந்தது. குழந்தைகள் யாரும் கிட்டே போகவில்லை. அம்மாக்களின் புடவைக்குப் பின்னால் ஒளிந்து உள்ளே ஓடின.

பக்கத்தில் போனபோது ஒரு நாற்றம் வந்தது. பழைய ரப்பரும் துருவும் சேர்ந்த நாற்றம். அண்ணாந்து பார்த்தேன். உச்சி வெயில் நேராக அந்த முகத்தில் விழுந்தது. கண்ணுக்காக வெட்டிய துளைகளுக்குள் கண் இல்லை. துளை வழியாகத் தொப்பியின் உள்பக்கத் துணி தெரிந்தது.

பயத்தில் வாய்க்குப் பழகியதுதான் வந்தது.

"உங்க பேரு என்னங்க?"

மணி நின்றது.

முகமூடி மெல்லக் குனிந்து என் பக்கம் திரும்பியது. உள்ளே, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல ஏதோ குரல் எழும்பத் தொடங்கியது. என்ன சொல்கிறது என்று கேட்பதற்குள் மேனேஜர் ஓடிவந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்.

"அவன்கிட்ட பேச்சுக் குடுக்காதீங்க," என்றார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. முதலாளிதான் ஆள் அனுப்பினார் என்று அவர் நினைத்தாராம், மேனேஜர்தான் வைத்தார் என்று முதலாளி நினைத்தாராம். போன வருஷத்து உடுப்பைக் கீழ்க்கிடங்கில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டு அப்படியே இருந்தது. உடுப்பு இல்லை.

ஸ்ரீஹரி துணிக்கட்டுகளுக்கு நடுவே நின்றான். சாப்பாட்டுப் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பை எங்கே என்று மறுபடி கை நீட்டினான். உடம்பு சரியில்லையா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

மேல்மாடியில் யாரோ அலறினார்கள்.

உடுப்பு மாற்றிப் பார்க்கிற அறை அது. கோமதிநாயகம் என்ற விற்பனையாளர் உள்ளே கிடந்த துணிகளை எடுக்கப் போயிருந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பலகை அதிர அதிர உதை விழுந்தது, ஒரு கால் அல்ல, பல கால்கள். நடுநடுவே இரும்பு சதையில் விழுகிற சத்தம். ஐயோ விட்டுருங்க, ஐயோ விட்டுருங்க என்று அவர் கத்தியது மெல்ல மெல்லக் குழறலாகிப் போயிற்று. எத்தனை பேர் தோள் கொடுத்தும் கதவு அசையவில்லை.

உள்ளே கைமணி அடித்தது.

கதவுக்கு அடியில் ரத்தம் வந்தது. பிறகு கதவு தானாகத் திறந்தது. அவர் ஒருவர்தான் இருந்தார். மூக்கு இருந்த இடம் தட்டையாக இருந்தது. பற்கள் தரைவிரிப்பில் சிதறிக் கிடந்தன. முழங்கை தப்பான பக்கம் மடங்கியிருந்தது.

நான் வாசலுக்கு ஓடினேன். அவன் அதே இடத்தில் மணியடித்துக்கொண்டிருந்தான். இவன் மேலே போனானா என்று காவல்காரரைக் கேட்டேன்.

"இல்லம்மா. இங்கியேதான் நின்னுக்கினு கீறான்."

கண்ணாடி பெயர்ந்து மேலே விழுந்துவிட்டது என்று கடைக்காரர்கள் மருத்துவமனையில் சொன்னார்கள். பண்டிகை வியாபாரம், கடையை மூட முதலாளிக்கு மனம் வரவில்லை. கோமதிநாயகம் சாயங்காலம் செத்துப்போனார்.

வீட்டில் ஸ்ரீஹரி கதவைப் பூட்டினான், ஜன்னலைச் சாத்தினான், சமையலறைத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

போன வருஷம் அந்த விளம்பரத்தைப் பார்த்து உயரமான ஒருவர் வந்தார். அந்த வாரம் பார்த்து, பிள்ளை பிடிக்கிற கும்பல் நகரத்துக்குள் வந்திருக்கிறது என்று எல்லார் போனிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒரு குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுதது. அவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டார், உயரத்திலிருந்து பார்த்தால் அம்மாவுக்குத் தெரியுமே என்று. பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ கத்தினார்கள். ஸ்ரீஹரியும் கருணாகரனும் கோமதிநாயகமும் அவரைக் கிடங்குக்கு இழுத்துப் போய் ஷட்டரை இறக்கினார்கள். கூட்டத்திடமிருந்து காப்பாற்றத்தான் இழுத்தோம் என்றான் என் தம்பி. பிறகு துணி அளக்கிற இரும்புக் கோல் மேனேஜரின் கைக்கு வந்தது. ஒருவர் அடித்ததும் மற்றவர்களுக்கும் கை வந்துவிட்டது.

சாகும்வரை முகமூடியை யாரும் கழற்றவில்லை.

"மூஞ்சியப் பாத்திருந்தா அடிச்சிருக்க மாட்டோம்க்கா," என்றான்.

குழந்தையின் அம்மா அந்த நேரம் மேலே நன்றி சொல்ல அவரைத் தேடிக்கொண்டிருந்தாள். உடம்பை ராத்திரி தண்டவாளத்தில் போட்டார்கள். அடையாளம் தெரியாத ஆண், ரயிலில் அடிபட்டார் என்று முடிந்துபோயிற்று. உடுப்பை மட்டும் எறியவில்லை. துவைத்துப் பெட்டியில் வைத்தார்கள், அடுத்த வருஷத்துக்கு ஆகுமே என்று.

அவன் கையைப் பார்த்தேன். நான் குளிப்பாட்டி வளர்த்த கை அது. அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவனை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. அறைந்தேன். வாங்கிக்கொண்டான்.

"அவர் ஏதாவது சொன்னாரா?"

"பேரச் சொன்னாருக்கா. அடிக்க அடிக்கத் தன் பேரையே சொல்லிட்டிருந்தாரு. காலையிலதான் வேலைக்குச் சேர்ந்தேன் சார்னு."

"என்னடா பேரு?"

அது மட்டும் வேண்டாம் என்று தலையாட்டினான். எங்கோ ஒரு வீட்டில் அவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள், பெயரைச் சொல்லு, நாளைக்குப் போலீசில் சொல்லலாம், நம் பேப்பரில் போடலாம், அவர் கேட்பது அதுதான் என்று கெஞ்சினேன். வாசலில் அந்த முகமூடி என்னிடம் பேச வந்ததை நான்தான் பார்த்தேனே. பெயரைச் சொன்னால் தம்பி பிழைப்பான் என்று என் மனசு அடித்துச் சொன்னது.

"பேரு வெளிய வந்தா நான் உள்ள போயிருவேன்க்கா," என்று அழுதான். கடைசியில், காலையில் உன்னோடு வருகிறேன் என்றான். நம்பினேன்.

விடிந்து பார்த்தால் அவன் இல்லை. போன் செய்தேன். கடையில் இருந்தான். யாரோ வேஷம் போட்டுக்கொண்டு மிரட்டுகிறான், முகமூடியை இன்றைக்குக் கழற்றிப் பார்த்துவிடுகிறேன், அதற்குமேல் போலீசுக்குப் போகலாம் என்றான். குரலில் பழைய முரட்டுத்தனம் திரும்பியிருந்தது. நான் செருப்பு மாட்டாமல் ஓடினேன்.

கடை வாசலில் யாரும் நிற்கவில்லை.

"உன் தம்பி அவன் மூஞ்சில கை வச்சான்மா," என்றார் காவல்காரர். "அவன் தம்பி கையப் புட்ச்சிக் கீழ இட்டுக்கினு போய்ட்டான்."

கிடங்கின் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. உள்ளே இரும்புக் கோல் விழுகிற சத்தம். படுத்துத் தவழ்ந்து உள்ளே போனேன். புதுத்துணியின் கஞ்சி வாசனைக்கு நடுவே அந்தத் துரு நாற்றம் அடித்தது.

ஒரே ஒரு விளக்கு எரிந்தது. சிவப்பு உடுப்பு தரையில் மல்லாந்து கிடந்தது. அதன் மேல் கால் வைத்துக்கொண்டு கருணாகரன் அடித்துக்கொண்டிருந்தார். முகமூடி பிளந்து, சிரிப்பு வழியே ரத்தம் கொப்பளித்தது.

முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நான் ஸ்ரீஹரி சார். ஸ்ரீஹரி சார்."

"பேரச் சொல்லி ஏமாத்துதியாலே," என்று மேனேஜர் மறுபடி ஓங்கினார்.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அவர் கையில் தொங்கினேன். உதறியதில் துணிக்கட்டுகளின் மேல் போய் விழுந்தேன். கோல் இறங்கியது. எலும்பு உடைகிற சத்தம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. குரல் நின்றது.

நான் ஊர்ந்துபோய் முகமூடியை உரித்தேன். அது தோலோடு ஒட்டியிருந்தது.

என் தம்பியின் முகம். ஒரு கன்னம் உள்ளே போயிருந்தது. கண் திறந்திருந்தது.

மேனேஜர் பார்த்தார். கோல் கையிலிருந்து நழுவியது. "அவன்தானே," என்றார், "அவனாத்தானே இருந்தான்." திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

மேலே, கடை வாசலில் மணி அடிக்கத் தொடங்கியது.

போலீசிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். கருணாகரன் உள்ளே இருக்கிறார். முதலில் செத்தவரின் பெயரை அவரிடம் கேட்டார்கள். அன்றைக்குக் காதில் விழுந்தது, மறந்துபோச்சு என்றாராம். ரயில்வேக்காரர்கள் அவரை யாருமற்றவராகப் புதைத்திருந்தார்கள். என் தம்பிக்கு மட்டும்தான் அந்தப் பெயர் நினைவிருந்தது. நான் அவனை இன்னும் நாலு அறை அறைந்து வாங்கியிருக்க வேண்டும். இப்போது அழுது என்ன பயன்?

இந்த வருஷமும் டிசம்பர் வந்துவிட்டது. ப்ளம் கேக் வருகிறது, தம்பூரா வருகிறது. இடம் காலியானால் இப்போதெல்லாம் வெள்ளையாகவே விட்டுவிடுகிறோம், சார் ஒன்றும் சொல்வதில்லை.

நேற்று மத்தியானம், ரூபீனா பக்கம் முடிக்கிற நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன். தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது. கடைத்தெருவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டேன்.

"பேரு சொல்லுங்க."

"ஸ்ரீஹரி சார்," என்றது போன். "காலையிலதான் வேலைக்குச் சேர்ந்தேன் சார்."

என் தம்பியின் குரல். டேய், அக்காடா என்றேன். என்னை அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வோர் இரும்புச் சத்தத்துக்கும் நடுவே, சார் சார் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொரு குரலும் இருந்தது, கனத்த குரல், அதுவும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். மணிச் சத்தத்தில் அந்தப் பெயர் மட்டும் விழவில்லை.